வந்துவிட்டோமே!



நம் ஊரில் பனி என்று சொன்னால், மார்கழி மாதத்து விடியற்காலையில் வாய்க்கால் மேட்டிலும் நெல் வயலிலும் படிந்திருக்கும் பனிதான் நினைவுக்கு வரும். காலைப் பூசை முடிந்து நாம் வெளியே வருவதற்குள் வெயில் அதைத் துடைத்துவிடும். இன்று நான் சொல்லப்போவது வேறு பனி. ஆள் உயரத்துக்கு விழுந்து, மாதக்கணக்காக மலையை மூடிக் கிடக்கும் காஷ்மீரத்துப் பனி. அதைத் தேடிப் போன நம் பக்கத்து வாலிபர் ஐந்து பேரின் கதை இது. கதை அவர்களுடையது, பாடம் நம் எல்லோருக்கும் உரியது. அவர்களுடைய சம்மதம் பெற்றே எழுதுகிறேன். பெயர்களைச் சொல்லப்போவதில்லை, யார் யார் என்று நீங்களும் தேட வேண்டாம்.

ஐவரும் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள். இப்போது ஒருவர் திருப்பூரிலும், இருவர் கோயம்புத்தூரிலும், இருவர் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். ஸ்னோபோர்டு என்று ஒரு விளையாட்டு உண்டு. இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கி இறங்குவது. காஷ்மீரத்தில் குல்மார்க் என்னும் இடத்துக்கு இரண்டு குளிர்காலம் போய் இதைக் கற்றுக்கொண்டார்கள். மூன்றாம் முறையாக 2024-ம் வருஷம் ஜனவரி மாதம் போனபோது அவர்களுக்கு ஓர் ஆசை. எல்லோரும் விளையாடுகிற, காவலும் கொடியும் உள்ள சரிவை விட்டு, மலைக்கு மேலே ஏறி, தடமே இல்லாத சரிவுகளில் இறங்க வேண்டும் என்பது. இதில் என்ன பாவம் என்று கேட்பீர்கள். பாவம் ஒன்றுமில்லை. மலையும் பனியும் சர்வேசுரனுடைய சிருஷ்டிப்பு. வாலிபர்கள் அதில் களிகூருவது அவருக்கு மகிமையே.

குல்மார்க் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் நீலகிரியில் தொட்டபெட்டாச் சிகரமும் ஏறக்குறைய அதே உயரந்தான்: 2,637 மீட்டர். ஆனால் குல்மார்க் வெகு வடக்கே இருப்பதால் அங்கே குளிர்காலத்தில் மழைக்குப் பதிலாகப் பனி விழும். டிசம்பர் 21-ம் தேதி தொடங்கும் கடுங்குளிரான நாற்பது நாட்களை அந்த ஊர்க்காரர் ‘சில்லாய் கலான்’ என்கிறார்கள். வருஷம் முழுவதற்கும் வேண்டிய பனி அந்த நாட்களில்தான் மலையில் சேர வேண்டும்.

அந்த வருஷம் சேரவில்லை. 2023 டிசம்பரும் 2024 ஜனவரியின் பெரும்பகுதியும் காஷ்மீரத்தில் வறண்டே கழிந்தன. நம் பிள்ளைகள் போய் இறங்கியபோது, வெண்கம்பளம் விரித்தாற்போல் இருக்க வேண்டிய புல்வெளி, வெயிலில் காய்ந்த வைக்கோல் நிறத்தில் கிடந்தது. சறுக்கு வண்டி இழுக்கிறவர்களும் குதிரைக்காரர்களும் வழிகாட்டிகளும் வேலையின்றிக் குந்தியிருந்தார்கள். மேலே அபர்வத் மலையில் மட்டும் மெல்லியதாகக் கொஞ்சம் பனி தெரிந்தது.

பிரியமானவர்களே, வானத்தை அண்ணாந்து பார்த்துக் காத்திருப்பது என்ன என்று நமக்குத் தெரியாதா? நீலகிரியில் மழை பெய்தால்தான் பவானி ஆற்றில் வெள்ளம். பவானிசாகர் அணை நிரம்பினால்தான் கொடிவேரியிலிருந்து தடப்பள்ளி வாய்க்காலிலும் அரக்கன்கோட்டை வாய்க்காலிலும் தண்ணீர். அது வந்தால்தான் நம் வீட்டில் நாற்று, நடவு, அறுப்பு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் எல்லாம். 2016-ம் வருஷத்தில் பருவமழை பொய்த்தபோது நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதா? நமக்கு மழை எப்படியோ, அந்த மக்களுக்குப் பனி அப்படி. அது உருகி ஓடினால்தான் அவர்களுடைய ஆப்பிள் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் தண்ணீர். இசையாஸ் தீர்க்கதரிசியும் தம் ஆகமத்தின் 55-ம் அதிகாரத்தில், வானத்திலிருந்து இறங்கிப் பூமியை நனைத்து விதைக்கிறவனுக்கு வித்துக் கொடுப்பவையாக மழையையும் பனியையும் சேர்த்தே சொல்கிறார். ஆகையால் அந்தப் பனியற்ற மலை நமக்கு அந்நியமல்ல.

இனி, கதைக்கு வருவோம்.

மூன்று நாள் காத்திருந்தும் பனி விழவில்லை. விடுமுறை முடியப் போகிறது. விமானக் கட்டணம், விடுதிக் கட்டணம், பலகை, உடுப்பு என்று ஒவ்வொருவரும் பெருந்தொகை செலவழித்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கடன் வாங்கியே வந்திருந்தார். நான்காம் நாள் காலையில், “இருக்கிற பனியிலாவது இறங்குவோம், மேலே போகலாம்” என்று தீர்மானித்து, ஒரு வயதான வழிகாட்டியைக் கூப்பிட்டார்கள். அவர் முகமதியப் பெரியவர். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் சரிவை நெடுநேரம் பார்த்தார். பிறகு அதன் அடிவாரத்தில் குனிந்து ஒரு கைப்பிடி பனியை அள்ளி, உருட்டிப் பார்த்து, விரல்களை விரித்துக் காட்டினார். உருண்டையாகவில்லை, சீனி போல உதிர்ந்தது. “இன்றைக்கு வேண்டாம்” என்றார்.

ஏன் வேண்டாம் என்பதை அவர் விளக்கியவாறே சொல்லுகிறேன். பனி நிறைய இருந்தால்தான் அபாயம் என்று நாம் நினைப்போம். குறைந்த பனியிலும் அபாயம் உண்டு. முதலாவது, மெல்லிய பனிக்கு அடியில் பாறையும் மரக்கட்டையும் மறைந்திருக்கும். வேகமாய் வருகிறவன் அதில் மோதினால் எலும்பு முறியும். இரண்டாவது, அதைவிட மோசம். தரையில் சற்றுச் சூடு இருக்கும். மேலே காற்றில் கடுங்குளிர். நடுவே கிடக்கும் பனி மெல்லியதாயிருந்து, நாட்கணக்காக வானமும் தெளிவாயிருந்தால், கீழிருந்து எழும் ஈர ஆவி அந்தப் பனியின் மணிகளை மெல்ல மெல்ல மாற்றி, ஒன்றோடொன்று ஒட்டாத சீனி போல ஆக்கிவிடும். பிறகு ஒரு நாள் கனமாகப் புதுப்பனி விழும். பார்வைக்கு வெள்ளைவெளேரென்று அழகாயிருக்கும். அடியில் பிடிப்பு இராது. ஓர் ஆள் மிதித்தாலும் மேற்பாளம் முழுவதும் பிளந்து சரிந்து வந்து ஆளை மூடிவிடும். மணலின்மேல் வீடு கட்டினவனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை, அந்தப் பெரியவர் அறியாமலே தம் கைப்பிடிப் பனியில் காட்டினார்.

நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? வாதாடினார்கள். இரட்டிப்புக் கூலி தருகிறோம் என்றார்கள். அந்தப் பெரியவரோ அந்தக் குளிர்காலம் முழுவதும் வருமானமில்லாமல் இருந்தவர். ஐவருக்கும் இருந்த தேவையைவிட அவருக்கு இருந்த தேவை பெரிது. ஆயினும் தலையை ஆட்டிவிட்டார். “அவர் வராவிட்டால் போகட்டும், நாமே போவோம்” என்றார் ஒருவர். மூவர் அதற்குச் சம்மதித்தார்கள். அப்போதுதான் ஐந்தாமவர், “நான் வரவில்லை. நீங்களும் போகக் கூடாது” என்று சொல்லிப் பலகையைத் தரையில் வைத்துவிட்டார்.

அவரை என்னவெல்லாம் சொன்னார்கள் தெரியுமா? கோழை என்றார்கள். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, இவ்வளவு பணம் போட்டுவிட்டோமே, இவனால் எல்லாம் வீணாயிற்றே என்றார்கள். கடைசியில், ஒருவரை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், எல்லோரும் திரும்பினார்கள். வழிகாட்டிப் பெரியவர் அன்று அவர்களிடம் வாங்கிக்கொண்டது ஒரு கோப்பைத் தேநீர் மட்டுமே. இரண்டாயிரம் மைல் ரயிலிலும் விமானத்திலும் திரும்பி வந்த ஐவரும் வழியில் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஊர் வந்த பிறகும் பேசவில்லை.

பிப்ரவரி மாதத் தொடக்கத்தில் அந்த ஐந்தாமவர் பங்கு வீட்டுக்கு வந்தார். திண்ணையில் வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு, “ஏனுங்க சாமி, நான் செஞ்சது சரிங்களா? பதினைஞ்சு வருஷத்து சிநேகிதம் போயிருச்சுங்க. மலையில ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு இப்பவும் சொல்றாங்க” என்றார். நான் அவருக்குச் சொன்ன பதில்: “தம்பி, போயிருந்தால் ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். அதனால் நீ சொன்னது தவறாகிவிடாது. அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு நல்ல தீர்மானம் செய்தாய்.”

அந்த மாதம் காஷ்மீரத்தில் பனி கனத்து விழுந்தது. பிப்ரவரி 22-ம் தேதி குல்மார்க்குக்கு மேலே கிலன்மார்க் பக்கத்தில் பனிச்சரிவு ஏற்பட்டது. வெளிநாட்டிலிருந்து வந்து பனிச்சறுக்கில் ஈடுபட்டிருந்த ஒருவர் இறந்தார். அவருடன் இருந்தவர்களை மீட்டார்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் அவர்கள் போயிருந்தார்கள் என்று செய்திகள் கூறின. இறந்தவரைக் குறை கூற நாம் யார்? அவருடைய ஆத்துமத்துக்காக ஜெபிப்போம். ஆனால் அந்தச் செய்தியை வாசித்த இரவில், ‘நாமே போவோம்’ என்று சொன்ன அந்த வாலிபர், கோழை என்று தாம் அழைத்த சிநேகிதருக்குத் தொலைபேசியில் பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிரியமானவர்களே, வேதாகமத்தில் இதே போன்ற ஒரு சம்பவம் உண்டு. அப்போஸ்தலர் நடபடி ஆகமம் 27-ம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். அர்ச். சின்னப்பர் கைதியாக உரோமாபுரிக்குக் கப்பலில் போகிறார். கிரேத்தா தீவில் ஒரு துறையை அடைந்தபோது பருவம் தவறிவிட்டது, கடற்பிரயாணம் அபாயமாகிவிட்டது. இதற்கு மேல் போனால் சரக்குக்கும் கப்பலுக்கும் உயிருக்கும் சேதம் வரும் என்று சின்னப்பர் எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவனோ மாலுமியையும் கப்பல்காரனையும் நம்புகிறான். அந்தத் துறை குளிர்காலத்தைக் கழிக்க வசதியில்லை என்று பெரும்பாலோர் போகவே விரும்புகிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தென்றல் இதமாக வீசுகிறது. நினைத்தது கைகூடியது என்று நங்கூரத்தை எடுக்கிறார்கள். சற்று நேரத்தில் புயல். பதினாலு நாள் இருளிலும் அலையிலும் தத்தளித்து, கோதுமையைக் கடலில் கொட்டி, மால்தா தீவருகே கப்பலை இழக்கிறார்கள். சர்வேசுரனுடைய இரக்கத்தால் கப்பலிலிருந்த 276 பேரும் உயிர் தப்பினார்கள்.

மலையில் நடந்ததையும் கடலில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால் மூன்று பாடங்கள் தெரிகின்றன.

முதலாவது: செலவழித்தது போயிற்று; அது மேலே போவதற்குக் காரணமாகாது. ‘வந்துவிட்டோமே’ என்ற ஒரு சொல்லால் எத்தனை குடும்பங்கள் கவிழ்ந்திருக்கின்றன! நம் தோட்டங்களில் நடப்பதைப் பாருங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நிற்கிறது. 500 அடியில் புகைதான் வருகிறது. “இவ்வளவு போட்டாயிற்று, இன்னும் 100 அடி” என்கிறோம். ஆழம் கூடக் கூட அடிக்கு விலையும் கூடும். 700, 800, 1,000 அடி ஆகிறது. கடைசியில் தண்ணீரும் இல்லை. மனைவியின் நகையும் இல்லை. 500 அடிக்குக் கொடுத்த பணம் 600-வது அடியில் தண்ணீரைக் கொண்டுவராது. பூமிக்கு நம் கணக்கு தெரியாது. சூதாடுகிறவனும், வெளிநாட்டு வேலைக்கென்று கண்டவனிடம் முன்பணம் கட்டியவனும் இதே பேச்சைத்தான் பேசுகிறார்கள். மேலே வைக்கப்போகும் அடி நல்லதா என்று மட்டும் கேளுங்கள். பின்னால் வைத்த அடிகள் அதற்குப் பதில் சொல்லமாட்டா.

இரண்டாவது: அறிந்தவன் சொல்லைக் கேட்க வேண்டும். தலைமையான புண்ணியங்கள் நான்கில் முதலாவது விவேகம் என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். விவேகத்துக்கு வேண்டிய உறுப்புகளில் ஒன்று, பிறரிடம் கற்றுக்கொள்ளும் பணிவு என்று அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் கற்பிக்கிறார். கற்றறிந்த பெரியவர்களுக்கும் அது வேண்டும். ஏனெனில் இந்தக் காரியத்தில் எவனும் தனக்குத் தானே போதுமானவனல்ல என்கிறார். இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். யார் சொல்லைக் கேட்பது? நமக்குப் பிரியமானதைச் சொல்லுகிறவன் சொல்லையல்ல. தனக்கு நஷ்டம் வந்தாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லுகிறவன் சொல்லைக் கேளுங்கள். கூலியை இழந்து தலையாட்டிய அந்தப் பெரியவர் அப்படிப்பட்டவர். கப்பல்காரனுக்குச் சரக்கின்மேல் கண், அர்ச். சின்னப்பருக்கோ அந்தப் பேச்சில் இலாபம் ஒன்றுமில்லை. பெரும்பாலோர் பேச்சும் இதமான தென்றலும் உண்மைக்குச் சாட்சியல்ல.

மூன்றாவது: திரும்பி வருவது அவமானமல்ல. இதைச் சொல்லும்போது என் குற்றம் ஒன்றை நான் மறைக்கக் கூடாது. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதத் துணிந்தேன்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு பங்கில் இருந்தேன். அங்கே ஒரு பெண்ணுக்குக் கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை இரவு, பெண்ணின் தகப்பனார் பங்கு வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை பெருங்குடிகாரர், கை நீட்டுகிறவர் என்று நம்பிக்கையான ஒருவர் சொல்லக் கேள்விப்பட்டிருக்கிறார். “நாளைக்கு ஓலையை நிறுத்தலாமுங்களா, சாமி?” என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? விசாரித்துப் பார்ப்போம் என்று சொன்னேனா? இல்லை. “இரண்டு ஓலை வாசித்துவிட்டோமே. பத்திரிகை கொடுத்தாயிற்று, மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. இப்போது நிறுத்தினால் பெண்ணின் பேர் என்னாகும்? கல்யாணமானால் திருந்திவிடுவார்” என்றேன். அந்த மனுஷர் என் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போனார். ஒரு வருஷம் ஆவதற்குள் அந்தப் பெண் முறிந்த கையோடு தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். என்னை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. பூசைக்கு வந்து நற்கருணை வாங்கும்போதெல்லாம் அந்தக் கையைத்தான் நான் பார்ப்பேன்.

ஓலை வாசிப்பது எதற்காக? 1215-ம் வருஷத்து லாத்தரன் சங்கம் அதைத் திருச்சபை முழுவதற்கும் சட்டமாக்கியது. 1563-ம் வருஷம் திரிதெந்தீன் சங்கம், அடுத்தடுத்த மூன்று திருநாட்களில் வாசிக்க வேண்டும் என்று வகுத்தது. தடை ஏதேனும் இருந்தால் வெளிவரட்டும் என்பதற்காக அல்லவா? நிறுத்துவதற்கு இடம் வைத்தே திருச்சபை நம்மை நடத்துகிறது. ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்ல அது மூன்று முறை வாய்ப்புத் தருகிறது. நானோ நிறுத்துவதற்கென்று ஏற்பட்ட அந்த ஓலையையே, நிறுத்தக் கூடாது என்பதற்குக் காரணமாகக் காட்டினேன். மலையில் அந்தப் பெரியவர் காட்டிய விவேகம், குருமடத்தில் வருஷக்கணக்காகப் படித்த எனக்கு அன்று இல்லாமற் போயிற்று.

ஆகையால், தாய் தகப்பன்மாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பத்திரிகை அடித்த பிறகும், மண்டபம் பிடித்த பிறகும், மூன்றாம் ஓலைக்கு முந்தின இரவிலும், நியாயமான சந்தேகம் வந்தால் என்னிடம் வாருங்கள். எந்நேரமானாலும் கதவைத் தட்டுங்கள். காற்றுவாக்கில் வந்த கோள் பேச்சா, உண்மையா என்று இருவருமாக விசாரிப்போம். உண்மையானால் நிறுத்துவோம். முன்பணம் போகட்டும், ஊர் பேசினால் நான் பதில் சொல்லுகிறேன். பெண்பிள்ளைகளே, பையன்களே, உங்களுக்கும் இதையே சொல்லுகிறேன். பலிபீடத்தின் முன் சம்மதம் சொல்லும்வரை, திரும்பிப் போக உங்களுக்கு உரிமை உண்டு. கல்யாணமான பிறகு புருஷன் கையால் அடிபட்டுத் தாய் வீட்டுக்கு வரும் மகளை, ‘போய்விட்டாயே, இனி பொறுத்துக்கொள்’ என்று அந்த அபாயத்துக்கே திருப்பி அனுப்பாதீர்கள்.

பாவத்தின் வழியிலும் இதுதான் பசாசின் தந்திரம். ‘இவ்வளவு தூரம் போய்விட்டாய், இனி என்ன?’ என்று அது காதில் ஓதும். ஊதாரிப் பிள்ளை பன்றிகளின் நடுவே உட்கார்ந்திருந்தபோது அவனுக்கும் அதைத்தான் ஓதியிருக்கும். அவனோ எழுந்தான், திரும்பினான். தகப்பன் செலவுக் கணக்குக் கேட்கவில்லை, ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரியம் செய்யுங்கள். இராச் செபத்துக்குப் பின் சற்று நேரம் மௌனமாயிருந்து, ‘வந்துவிட்டோமே என்பதற்காக மட்டும் நாங்கள் நடந்துகொண்டிருக்கும் வழி ஏதாவது உண்டா?’ என்று உங்களையே கேளுங்கள். உண்டென்றால், அதை அறிந்த ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். உங்கள் வீட்டில் ‘வேண்டாம்’ என்று சொன்னவர் யாராவது இருந்து, அவரை நீங்கள் கோழை என்றிருந்தால், அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். அந்தக் காஷ்மீரத்துப் பெரியவருக்காகவும், மழைக்கும் பனிக்கும் காத்திருக்கும் எல்லா ஏழைகளுக்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

மழையையும் பனியையும் தம் வேளையில் அனுப்புகிற சர்வேசுரன், போக வேண்டிய வேளையில் போகத் திடமும், நிற்க வேண்டிய வேளையில் நிற்க விவேகமும் நமக்குத் தந்தருள்வாராக. நல்ல ஆலோசனை மாதா நமக்காக வேண்டிக்கொள்வார்களாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு